ஊரே பதில் சொன்ன படம்

எங்கே யார் சீட்டி அடித்தாலும் திரினாவின் தலை திரும்பிவிடும். சுமோ வண்டிக்காரன் ஆள் ஏற்றச் சீட்டி அடிப்பான். மூட்டை சுமப்பவன் வழி கேட்டு அடிப்பான். பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள் சும்மாவே அடிக்கும். எதுவும் தனக்கானதில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கரண்டி அந்தரத்தில் நிற்க, கழுத்து மட்டும் தன்பாட்டுக்குத் திரும்பும். ஒரு கணம்தான். பிறகு கரண்டி இறங்கும், சோறு தட்டில் விழும்.

ஷில்லாங்கில் லாய்தும்க்ரா சந்தில் இருந்த அந்தச் சோற்றுக்கடைக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போய் வருடக்கணக்காகிறது. கடைக்காரி கொங் மில்ட்ரெட்டுக்கு, அதாவது மில்ட்ரெட் அக்காவுக்கு, மட்டும் சலிக்கவே இல்லை.

"யாரு கூப்பிட்டாங்க திரினா? மாப்பிள்ளையா?"

திரினா சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். பேச்சு அவளுக்கு அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா" என்று வாடிக்கையாளரிடம் வாய்விட்டுக் கேட்கவே அவளுக்கு வெகுகாலம் பிடித்தது. கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள், புருவத்தை உயர்த்துவாள். வேண்டியவர்கள் தலையாட்டுவார்கள்.

அவளுடைய ஊர் மாவ்சிர்னாட், சோராவுக்கு அந்தப் பக்கம், மலை முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அந்தச் சரிவு ஊர்களில் பிள்ளை பிறந்ததும் தாய் அதற்கு ஒரு மெட்டுக் கட்டுவாள். சொல் கிடையாது, மெட்டு மட்டும். பெயர் ரேஷன் கார்டுக்கும் தேவாலயத்துக்கும். கூப்பிடுவதற்கு மெட்டு. வீட்டுக்குள் அதைக் குட்டையாக முனகுவார்கள், காட்டில் சீட்டி போல நீளமாக இழுப்பார்கள். காட்டில் பெயரைச் சொல்லிக் கூவினால் கண்ணுக்குத் தெரியாதவை அதைப் பிடித்துக்கொள்ளும் என்று பயம். ஒருவர் மெட்டு இன்னொருவருக்குக் கிடையாது. ஆள் செத்தால் அந்த மெட்டையும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

திரினாவின் மெட்டை அவள் அம்மா போன பிறகு யாருமே கூப்பிட்டதில்லை. கூப்பிட ஒரே ஒருத்திதான் மிச்சம், அக்கா ரெலிமோன். ரெலிமோன் தங்கையிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் வழக்கப்படி கடைசி மகள்தான் வீட்டைக் காக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான், விருந்தாளிக்குக் கதவு திறப்பதும் அவள்தான். கடைசி மகள் திரினா. வருகிறவன் போகிறவனையெல்லாம் உட்காரவைத்துப் பேச வேண்டுமே என்று நினைத்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு குளிர்காலம் மட்டும் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஷில்லாங் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணமாகித் தனி வீடு போயிருந்த ரெலிமோன், தன் பிள்ளைகளோடு திரும்பி வந்து அம்மாவின் அடுப்பில் தீ மூட்டினாள். ஒரு மழைக்காலத்தில் அம்மா போனபோது மலை சரிந்து சாலையை மூடிக்கிடந்தது. திரினா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற அக்கா அவளைப் பெயர் சொல்லி, "வா திரினா" என்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அதிலிருந்துதான் சீட்டிச் சத்தத்துக்குத் திரும்பும் பழக்கம்.

படக்காரர்கள் கடைக்குள் வந்தது ஒரு மழை நாளில். ஐந்தாறு பேர், ஒரு பெட்டி, ஒரு நீளக் கம்பி. கம்பியின் நுனியில் பூனைக்குட்டி போல எதையோ ரோமத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். இயக்குநர் பாஹ் பஞ்சோப், அதாவது பஞ்சோப் அண்ணன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜாடோ என்ற கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நாயகியாக நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பெங்களூரில் விமானத்தில் வேலை கிடைத்துவிட்டது.

"அவளைக் குறை சொல்ல முடியாது பாஹ்," என்றாள் ஒலிப்பதிவு செய்யும் டாஃபிஷா. "நம்ம படத்துல அவளுக்கு வசனமே இல்ல. பறக்குற வேலையாவது கிடைக்கட்டும்."

அப்போது வெளியே யாரோ சீட்டி அடித்தார்கள். திரினாவின் கரண்டி நின்றது, கழுத்து திரும்பியது, கரண்டி இறங்கியது.

டாஃபிஷா பஞ்சோபின் கையைப் பிடித்தாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை வரட்டும்."

சந்தில் சீட்டிக்கா பஞ்சம்? மறுபடி வந்தது. மறுபடி கழுத்து திரும்பியது. பஞ்சோப் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அடுப்புக்கே வந்துவிட்டார்.

"கொங், ஒரு படம் எடுக்குறோம். ஒரு பொம்பளை, கிராமத்துலேர்ந்து வந்து நகரத்துல வாடகை அறையில தனியா இருக்கா. நீங்க நடிக்கணும்."

திரினா பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கொங் மில்ட்ரெட் வெடித்துச் சிரித்தாள். "இவளா? போன வருஷம் வீட்டுக்காரன் வாடகையை ஏத்தினான். 'ஏன்'னு ஒரு வார்த்தை கேட்டாளா பாரு! அதையும் நான்தான் போய்க் கேட்டேன். இவளை நடிக்கக் கூப்பிடுறியே தம்பி!"

"வசனம் இல்ல கொங். பேசவே வேண்டாம்."

அதுவரை பானையைப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "பேசவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்போ சரி."

மில்ட்ரெட்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஷில்லாங்கின் மாவ்ப்ரெம் பகுதியில் திரினாவின் வாடகை அறையிலேயே படம் பிடித்தார்கள். மழை தகரக்கூரையில் அடித்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள், டாஃபிஷாவின் முகம் மட்டும் மலரும். திரினாவுக்கோ எல்லாமே வேடிக்கை. காலையில் கண் விழிக்கும்போதே அதே நினைப்பு. இன்றைக்கு என்ன செய்யச் சொல்வார்கள்? சா, தேநீர்தான், போடச் சொல்வார்கள். ஜன்னல் வழியே பார்க்கச் சொல்வார்கள். தினமும் செய்வதுதான். ஆனால் தான் சா போடுவதை ஆறு பேர் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்பதே அவளுக்குத் திருவிழாவாக இருந்தது.

"இந்தப் பொம்பளை ஏன் பக்கத்து வீட்டுல போய்ப் பேச மாட்டேங்குறா?" என்று ஒருநாள் கேட்டாள். அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"அவ தனியா இருக்கா கொங்," என்றார் பஞ்சோப்.

"நானும்தான் தனியா இருக்கேன். உப்பு தீர்ந்தா போய்க் கேப்பேன்ல?"

"கேப்பீங்களா?"

திரினா யோசித்தாள். உப்பு தீர்ந்த நாட்களில் உப்பில்லாமல்தான் சாப்பிட்டிருக்கிறாள். "மாட்டேன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். டாஃபிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசிக் காட்சிக்குச் சோரா பக்கம் ஒரு மலை விளிம்புக்குப் போனார்கள். அங்கே நின்று அவள் பள்ளத்தை நோக்கிக் கூப்பிட வேண்டும். யாரை என்பது படத்தில் வராது. அங்கேதான் சிக்கல் வந்தது.

"ஏதாவது ஒரு மெட்டைக் கூப்பிடுங்க கொங்."

"ஏதாவதுன்னு ஒண்ணு கிடையாதே. யாரோடதாவது இருக்கும்ல? உயிரோட இருக்கிற ஆளை வேலை இல்லாம கூப்பிடக்கூடாது. செத்தவங்களைக் கூப்பிடவே கூடாது."

"புதுசா ஒண்ணு கட்டுங்க."

"எனக்குப் பிள்ளை இல்லையே."

பஞ்சோப் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மேகம் வேறு ஏறி வந்துகொண்டிருந்தது. டாஃபிஷாதான் மெதுவாகக் கேட்டாள். "கூப்பிட்டா என்ன நடக்கும் கொங்? அந்த ஆள் வருவாங்களா?"

"'ஹோய்'னு பதில் சொல்லுவாங்க. சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா பள்ளத்துல விழுந்துட்டாங்கன்னு அர்த்தம். அப்போ காதுல கேட்டவங்க எல்லாரும் அதே மெட்டை எடுத்து அடுத்த சரிவுக்குக் கூப்பிடுவாங்க. பதில் வர்ற வரைக்கும் விட மாட்டாங்க."

"நம்ம படத்துல பதில் வராது," என்றார் பஞ்சோப். "கூப்பிடுவா. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அதுதான் கொங் படமே."

திரினா பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கழுத்துவரை சிவந்துபோய், "என்னோடது இருக்கு," என்றாள். "அதை இப்போ யாரும் கூப்பிடுறதில்ல."

தன் மெட்டைத் தானே கூப்பிடுகிற ஆள் அந்தச் சரிவில் கிடையாது. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவது போன்ற காரியம் அது. ஆனால் வாயைத் திறந்ததும் அது வந்தது. தாழத் தொடங்கி, நடுவில் குடத்தில் தண்ணீர் விழுவதுபோல இறங்கி, கடைசியில் ஏதோ கேட்பதுபோல மேலேறி நின்றது. எதிர்மலை அதை வாங்கித் திருப்பித் தந்தது. தொண்டையிலிருந்து வந்தது அவள் குரலாக இல்லை, அம்மாவின் குரலாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்!

பதில் சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பற்றித்தான் படம் பார்த்த எல்லோரும் பேசினார்கள்.

படம் கௌஹாத்தியில் ஓடியது, கொல்கத்தாவில் ஓடியது, கடல் தாண்டியும் போனது. ஷில்லாங்கில் போட்டபோது திரினா கடைசி வரிசையில் மில்ட்ரெட்டோடு உட்கார்ந்து பார்த்தாள். அந்த மலை விளிம்புக் காட்சியில் அரங்கமே உறைந்து கிடந்தது. மில்ட்ரெட் அழுது மூக்கைச் சிந்தி, வெளியே வந்ததும், "இனிமே உப்பு தீர்ந்தா என்கிட்ட கேளுடி, கழுதை," என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகுதான் பஞ்சோப் குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்க ஊர்ல போட்டுக் காட்டணும் கொங். ஊர்த் தலைவர்கிட்ட போன்ல பேசிட்டேன்."

திரினா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கொல்கத்தாக்காரன் அந்த மெட்டைப் பாட்டு என்று நினைப்பான். அந்த ஊரில் அப்படியா? கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும், திரினா தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டாள் என்று. கூப்பிட ஒரு ஆள் இல்லாதவள் என்று. அதை ரெலிமோன் கேட்பாள். கேட்டுவிட்டு என்ன செய்வாள்? ஒருவேளை அந்த மெட்டை மறந்தே போயிருந்தால்? அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தாள். மில்ட்ரெட் விடவில்லை. கடையை மூடிவிட்டு, பெரிய பானை நிறைய ஜாடோ கிளறி, பானைக்குப் பக்கத்திலேயே சுமோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அது துடைப்பப் புல் அறுக்கும் காலம். வழியெல்லாம் புல் காய்ந்துகொண்டிருந்தது. ஊர்க் கூடத்தின் ஜன்னல்களுக்குக் கம்பளியும் தார்ப்பாயும் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இடம் போதாது என்று ஒரு ஒலிபெருக்கியை வெளியே சரிவைப் பார்த்து வைத்தார்கள். ஊரே குவாய்ப் பாக்கை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தது. ரெலிமோனைக் காணவில்லை.

"கூப்பிட்டேன்," என்றார் ஊர்த் தலைவர். "'எனக்குப் புல்லு காயுது, படம் பாத்தா வயிறு நிறையுமா'ன்னு கேட்டுட்டா."

திரினாவுக்கு நிம்மதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கண் கரித்தது.

விளக்கு அணைந்தது. திரையில் திரினா சா போட்டாள்.

"நம்ம திரினாதானே? ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்குறா?"

"நேர்ல மட்டும் பேசிக் கிழிச்சாளாக்கும்!"

"அறை என்ன இவ்வளவு சின்னது? நம்ம கோழிக்கூடு பரவாயில்ல."

பஞ்சோப் கூடத்தின் மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கொல்கத்தாவில் ஊசி விழுந்தால் கேட்கும் இடத்திலெல்லாம் இங்கே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று, திரையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது, தூரத்தில் ஒரு மெட்டுக் கேட்டது. முன்பு ஒருமுறை அந்தச் சரிவுக்கு வந்தபோது டாஃபிஷா பதிவு செய்த காட்டுச் சத்தத்தில் அதுவும் சேர்ந்திருந்தது. யாருடைய மெட்டு என்று அவள் கண்டாளா?

நடு வரிசையில் பாஹ் ஷான்போர் சட்டென்று எழுந்தார். "ஹோய்!" என்றார். கால்களை மிதித்துக்கொண்டு, ஆட்களைத் தாண்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போயே போய்விட்டார்.

"யோவ், நான் இங்கதானே இருக்கேன்! உன்னை அங்க யாரு கூப்பிடுறா?" என்று அவர் மனைவி கத்தினாள்.

கூடம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துக் கிழவர்களுக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே போனவர் சரிவைப் பார்த்து இன்னும் ஹோய், ஹோய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து இழுத்துவர ஆள் போனது. டாஃபிஷா துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மலை விளிம்பு வந்துவிட்டது.

திரினா கண்ணை மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் எழுந்தது, அம்மாவின் குரலாக. தாழ்ந்து, இறங்கி, மேலேறி நின்றது. கூடத்தில் சிரிப்பு அறுந்தது. பிறகு அந்த அமைதி, பஞ்சோப் பார்த்துப் பார்த்து வைத்த அந்த நீளமான அமைதி, வந்தது.

ஊர் பொறுத்துப் பார்த்தது. பதில் வரவில்லை. வரிசையில் ஆட்கள் அசைந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். படம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூப்பிட்டுப் பதில் வராமல் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது? ஷான்போரின் மனைவிதான் முதலில் தாங்க முடியாமல் வாயைத் திறந்தாள். திரினாவின் மெட்டை எடுத்துக் கூப்பிட்டாள். பின்னால் ஒருத்தி எடுத்தாள். வாசலில் நின்றவர்கள் எடுத்தார்கள். வெளியே ஷான்போர், விஷயம் என்னவென்றே தெரியாமல், அதை வாங்கிச் சரிவுக்குக் கீழே அனுப்பினார்.

"என் அமைதி!" என்று பஞ்சோப் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை பேருக்கு அந்த மெட்டு நினைவிருந்தது! திரினா பெஞ்சியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது கீழே, புல் காயும் பக்கத்திலிருந்து, இன்னொரு குரல் வந்தது. மூச்சு வாங்க, கோபமாக, ஓடிக்கொண்டே கூப்பிடுகிற குரல். அதே மெட்டு, ஆனால் நடுவில் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன வளைவு. வீட்டுக்குள் கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த வளைவு அது.

திரினா எழுந்தாள். வாழ்நாளில் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்றதில்லை அவள்.

"ஹோய்!"

தகரக்கூரை அதிர அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருந்ததென்று மில்ட்ரெட்டுக்கே தெரியாது. ஊர் முழுக்கப் பெருமூச்சு விட்டது. ஆள் கிடைத்தாயிற்று.

கதவைத் தள்ளிக்கொண்டு ரெலிமோன் வந்தாள். தலையெல்லாம் புல்லுத் தூள். கையில் அரிவாள்.

"கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டியா? காது அடைச்சுப் போச்சா?"

"படம், கொங்..." என்று இழுத்தாள் திரினா.

"படமாம் படம்! அம்மா கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு. பின்னாடி ஊரே கத்துது. நீ எந்தப் பள்ளத்துல கிடக்கியோன்னு நான் ஓடி வர்றேன், இங்க உக்காந்து குவாய் மெல்லுறியா?"

"அது அம்மா இல்ல. நான்தான்."

"நீயா? உன்னை நீயேவா கூப்பிட்டே?"

திரினா தலையாட்டினாள். ரெலிமோன் திரையைப் பார்த்தாள். அங்கே தங்கை இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, தனியாக நின்றாள். கோபம் அவள் முகத்திலிருந்து எங்கும் போய்விடவில்லை, ஆனால் உதடு கோணியது.

"லூசு," என்றாள். "கூப்பிட ஆள் இல்லைன்னா வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நீ பேர் சொல்லிக் கூப்பிட்டியே."

"சாலை எப்ப திறக்கும், இவ எப்ப வருவான்னு எத்தனை நாள் வாசல்லயே நின்னேன்னு தெரியுமா? அந்தக் கோவத்துல சொன்னேன். அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷமா?" அரிவாளை வாசலில் சாத்தினாள். பின்னாலிருந்து மில்ட்ரெட் அழுதுகொண்டே எட்டிப் பார்த்தாள். "இது யாரு, உன் முதலாளியம்மாவா? ஏன் இவ அழறா? வாங்க எல்லாரும், வீட்டுல சா இருக்கு. புல்லை மட்டும் மிதிக்காதீங்க."

"கொங், படம் இன்னும் முடியல," என்றார் பஞ்சோப்.

"முடிஞ்சுருச்சு தம்பி. அவதான் பதில் சொல்லிட்டாளே."

கூடம் அதை ஒப்புக்கொண்டு எழுந்தது. மிச்சப் படத்தை பஞ்சோப், டாஃபிஷா, வேறு போக்கிடம் இல்லாத சில கோழிகள் ஆகியோர் பார்த்து முடித்தார்கள். வெளியே வந்தபோது பஞ்சோப் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "நம்ம படத்தோட கதையையே மாத்திட்டாங்க," என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

வீடு இன்றும் ரெலிமோனிடம்தான் இருக்கிறது. இனி அதை மாற்றும் பேச்சு இல்லை. வேறு ஊர்களில் படம் பழைய அமைதியோடுதான் ஓடுகிறது, பார்க்கிறவர்கள் அழுகிறார்கள். திரினா அதே கடையில் சோறு போடுகிறாள், அதே அறையில் இருக்கிறாள். துடைப்பப் புல் காலத்திலும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போகிறாள். சந்தில் சீட்டி கேட்டால் அவள் கழுத்து இப்போதும் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிமோன் போன் செய்கிறாள். எடுத்ததும் பேசுவதில்லை, முதலில் மெட்டை முனகுகிறாள். திரினா "ஹோய்" என்ற பிறகுதான் திட்டத் தொடங்குகிறாள்.